செந்தூரம் பட்ட கடல் கல்

1964-இல் இந்தியப் பெருங்கடலை ஆராய வந்த வெளிநாட்டுக் கப்பல் ஒன்றில், சென்னைக் கல்லூரி ஒன்றின் நிலவியல் துறைக்கு ஓர் இடம் கிடைத்தது. முறைப்படி அது டெமான்ஸ்ட்ரேட்டர் விருத்தாசலத்துக்குப் போக வேண்டிய இடம். அவருடைய அப்பா திண்டிவனம் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். விருத்தாசலம் ஒரே மகன். "நீ போய்ட்டு வாப்பா" என்று அந்த இடத்தை அதே துறையில் வேலை பார்த்த நண்பர், விழுப்புரத்து அருள்நாதனுக்கு விட்டுக்கொடுத்தார். கப்பல் கொச்சியை விட்டுக் கிளம்பிய வாரமே அப்பா காலமானார்.

அதன் பிறகு விருத்தாசலம் ஞாயிற்றுக்கிழமைகளில் மரக்காணத்துக்குப் பஸ் ஏறத் தொடங்கினார். கரையில் நின்று கடலையே பார்ப்பார். ஒருமுறை மனைவி கிருஷ்ணவேணியும் கூடப் போனாள்.

"உங்க மலை அரபிக் கடல் பக்கம் இருக்குதுன்னுதான சொன்னீங்க? இங்க நின்னுக்கினு இன்னாத்தப் பாக்கறீங்க?"

"எல்லாம் ஒரே தண்ணிதானே, வேணி."

"அப்ப நம்ம கெணத்துலயே எட்டிப் பாக்கலாம். பஸ்ஸு சார்ஜாவது மிச்சம்."

அவர் சொன்ன மலை, கடலுக்கடியில் நீண்டு கிடக்கும் மலைத்தொடர். அதன் நடுப்பிளவில் குழம்பு பொங்கி இறுகிப் புதிய தரை பிறக்கிறது, பழைய தரை கடலின் ஓரங்களில் மறுபடி பூமிக்குள் அமிழ்கிறது என்று அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தார்கள். துறையில் பாதிப் பேர் நம்பவில்லை. விருத்தாசலம் நம்பியதோடு ஒரு படி மேலே போனார். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அமிழ்ந்த தரை என்ன ஆயிற்று? அடியில் உள்ள மேன்டில் என்ற தடித்த பாறை அடுக்கில் அது முழுக்கக் கலந்துவிட்டதா? கலக்காமல் எங்காவது கிடந்தால், அந்த இடத்துக்கு மேலே பொங்கும் கல்லின் ரசாயனம் மற்ற இடத்துக் கல்லைப்போல் இருக்காதே!

வீட்டில் இதை விளக்க அவருக்குக் கேப்பைக் களி கிடைத்தது.

"இதோ பார், கட்டி தட்டியிருக்குது. எவ்ளோ கிண்டியும் உள்ள மாவு மாவாவே இருக்குதில்ல? பூமிக்குள்ளயும் அப்பிடித்தான்."

"களி சரியில்லன்னு நேராச் சொல்லிட்டுப் போங்களேன். அதுக்கு எதுக்குப் பூமியெல்லாம்?"

அடுத்த ஆண்டு அருள்நாதன் திரும்பி வந்தார். மலைத்தொடரின் மேல் இரும்பு வலையை இழுத்து வாரிய கற்களில் ஒன்றை நண்பனுக்கென்று கேட்டு வாங்கி வந்திருந்தார். உள்ளங்கை அளவு, கறுப்பு, மேலெல்லாம் ஊசித்துளைகள். கப்பலில் பழகிய அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் ஈயத்தை அளப்பவர். கல்லுக்குள் இருக்கும் துளி ஈயத்தில் எந்த வகை அணு எவ்வளவு என்று பார்த்தால், அந்தப் பொருள் பூமிக்குள் கடந்துவந்த காலத்தை ஊகிக்கலாம். பாதிக் கல்லை அனுப்பினால் அளந்து தருவதாகச் சொல்லியிருந்தார்.

உடைப்பதற்கு முன் ஒரு தடவை வீட்டில் வைத்துப் பார்க்க விருத்தாசலத்துக்கு ஆசை. திண்டிவனத்துக்கு எடுத்து வந்தார். ஆயுத பூஜை விடுமுறை. அவர் குளித்துவிட்டு வருவதற்குள் அரிவாள்மணை, கத்தரிக்கோல், அவருடைய சுத்தியல், பூதக்கண்ணாடி எல்லாம் பொட்டு வாங்கியிருந்தன. மேசைமேல் கல்லும்தான்.

"கல்லுக்கு எதுக்குப் பொட்டு?"

"நீங்க கும்புடற சாமி இப்ப அதுதான? குங்குமம் தீந்துபோச்சு. ஆஞ்சநேயர் கோயில் செந்தூரத்த எண்ணெய்ல கொழச்சு வச்சேன்."

அவர் சிரித்தார். மறுநாள் ஈரத்துணியால் துடைத்தார். கல்லூரிக்குப் போய்க் கல்லை இரண்டாக உடைத்து ஒரு பாதியை அனுப்பினார்.

பேராசிரியரின் பதில் வந்த செய்தி அவருக்கு ரயிலில் கிடைத்தது. வாரக் கடைசியில் ஊருக்கு வந்துவிட்டுத் திங்கட்கிழமைகளில் இருவரும் சென்னைக்குத் திரும்புவார்கள்; விழுப்புரத்தில் ஏறும் அருள்நாதன் அவருக்கு இடம் பிடித்து வைப்பார். அன்று வண்டி திண்டிவனத்தில் நிற்பதற்குள்ளேயே ஜன்னலில் பாதி உடம்பு வெளியே.

"டேய் விருத்து! கடல் கல்லுல இதுவரைக்கும் பாக்காத ஈயமாம்டா! அடுத்த கப்பல்ல உனக்கு எடம். அதே எடத்துல இன்னும் கல்லு வாரணுமாம்!"

விருத்தாசலம் வண்டியில் ஏற மறந்து நின்றார். அருள்நாதன்தான் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

அந்தக் கோடை முழுவதும் அவர் கப்பலிலேயே வாழ்ந்தார். அலை எவ்வளவு உயரம், வலை மேலே வரும்போது எப்படிச் சத்தம் போடும், கல் மேலே வந்ததும் சூடாக இருக்குமா என்று ரயிலில் கேட்டுக்கொண்டே வருவார். "ஐஸ் மாதிரி இருக்கும்டா, எத்தன தடவ சொல்றது" என்பார் அருள்நாதன். கிருஷ்ணவேணி கம்பளிச் சட்டை பின்னினாள்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. அவள் கிண்ணத்தில் செந்தூரத்தைக் குழைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் பட்டதும் பொடி பளீரென்று சிவந்தது. செந்தூரம் ஈயத்தைச் சுட்டுச் செய்வது என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்பவர் அவர். வீட்டுப் பொட்டை அந்தப் பாடத்தோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை. கல்லின் ஊசித்துளைகள் நினைவுக்கு வந்தன. எண்ணெய் எவ்வளவு ஆழம் இறங்கும்? பேராசிரியர் அளந்தது கல்லின் ஈயத்தையா, பொட்டின் ஈயத்தையா?

கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாங்க, ஒடம்பு சரியில்லையா?"

சொன்னார். அவள் விரலில் செந்தூரத்தோடு அப்படியே நின்றாள்.

"நான் வச்ச பொட்டாலயா?"

"நான்தான் கொண்டாந்து வச்சேன்."

"யாருக்குத் தெரியப்போவுது? நீங்க போய்ட்டு வாங்க. அங்க போய் வேற நல்ல கல்லா எடுத்துக்கினு வாங்க."

இந்த யோசனை அவருக்கும் வராமல் இல்லை. இரண்டு வாரம் அதை வைத்துக்கொண்டு ரயிலில் போய் வந்தார். அருள்நாதன் வலையைப் பற்றி ஏதாவது சொன்னால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் மிச்சமிருந்த பாதிக் கல்லை எடுத்தார். மேற்புறம் முழுவதையும் செதுக்கித் தள்ளினார். துளையில்லாத நடுத்துண்டு புளியங்கொட்டை அளவுதான் தேறியது. நடந்ததை எழுதி அதையும் அனுப்பிவைத்தார்.

பேராசிரியர் மரியாதையாகவே பதில் எழுதினார். அந்தத் துண்டில் இருந்த ஈயம் தம் கருவி அளக்கப் போதவில்லை. பழைய தரை அடியில் கிடக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. கப்பல் போகும், ஆனால் வேறு திட்டத்தோடு. அதற்குப் பழகிய ஆளாக அருள்நாதன் போதும்.

"நான் போவலடா" என்றார் அருள்நாதன்.

"பைத்தியமா உனக்கு? போ. பெரிய கல்லாப் பாத்து எடு. நடுவுல உடைச்சுப் பாக்கற மாதிரி பெரிசா."

1967 தொடக்கத்தில், கொச்சிக்குப் போக விழுப்புரத்தில் திருச்சி வண்டி ஏறினார் அருள்நாதன். கிருஷ்ணவேணி பின்னிய கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தார். தோளில் கொஞ்சம் தொளதொளப்பு. வழியனுப்ப வந்த விருத்தாசலம் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பிளாட்பாரம் முடியும் வரை கூடவே நடந்தார். கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு வளைவில் மறைந்த பிறகும் அங்கேயே நின்றார்.

"ஜல்தி வாங்க, நம்ம வண்டி வந்துடுச்சு" என்று கூப்பிட்டாள் கிருஷ்ணவேணி.

பெட்டி காலியாகத்தான் இருந்தது. அவர் அருள்நாதன் போன தெற்குத் திசையைப் பார்த்த இருக்கையில் உட்கார்ந்தார். அவள் எதிரே உட்காராமல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். வண்டி வடக்கே திண்டிவனத்தை நோக்கி நகர்ந்தது.