ரேடியோ டீச்சர் வாயை மூடிய கதை

அந்தப் பள்ளியில் கணக்கு டீச்சருக்கு ரேடியோ என்று பெயர். வைத்தவர்கள் பிள்ளைகள், பரப்பியவர்கள் சக ஆசிரியர்கள். வகுப்பில் கேள்வியும் அவரே, பதிலும் அவரே. நடுவில் எப்போது மூச்சு விடுகிறார் என்றுதான் யாருக்கும் தெரியாது.

ஒருநாள் அந்த ரேடியோவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் சொல்லக் குரல் எழும்பாமல் நின்றார். வகுப்பே திருதிருவென்று விழித்தது. அப்புறம், வருஷம் முழுக்க வாயே திறக்காத கடைசி பெஞ்சுச் சிறுமி மெல்லப் பதில் சொன்னாள். சரியான பதில்! டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் வீட்டுக்காரரையும் சோதித்துப் பார்த்தார். சாப்பாடு எப்படி என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். மனிதர் நெளிந்தார், தண்ணீர் குடித்தார், கடைசியில் கல்யாணமான நாளிலிருந்தே பூசணிக்காய் பிடிக்காது என்று போட்டு உடைத்தார்.

கேட்டுவிட்டுக் காத்திருக்கும் இந்த வித்தையை மற்ற ஆசிரியர்களுக்கும் சொல்லிவிடத் துடித்தார் டீச்சர். தலைமையாசிரியை ஒரு மணி நேரம் கொடுத்தார். கூடவே ஒரு குண்டும் போட்டார்: இது தேறாவிட்டால் இனி சனிக்கிழமைதோறும் வெளியாள் வந்து நாள் முழுக்கப் பயிற்சி நடத்துவார். சனிக்கிழமையும் போனால் துணி துவைப்பது எப்போது, தூங்குவது எப்போது? ஆசிரியர் அறை மொத்தமும் ரேடியோவை நம்பி உட்கார்ந்திருந்தது.

பயிற்சி அன்றைக்குப் பார்த்து, நேரத்தின் அருமையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லத் தலைமையாசிரியை எழுந்தார். அந்த இரண்டு வார்த்தை முக்கால் மணியை விழுங்கிவிட்டது. ரேடியோ டீச்சர் எழுதி வைத்திருந்த அட்டைகளையெல்லாம் பைக்குள்ளேயே விட்டுவிட்டு முன்னால் வந்தார்.

"பிள்ளைங்க ஏன் நம்மகிட்ட சந்தேகமே கேக்கிறதில்ல?"

கேட்டார். வாயை மூடிக்கொண்டார்.

பாடம் மறந்துவிட்டது போல என்று எல்லோரும் பாவப்பட்டார்கள். ஓவிய ஆசிரியரின் கொட்டாவி பாதியில் நின்றது. இருக்கிற கொஞ்ச நேரத்தையும் கோட்டைவிடுகிறாரே என்று தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சருக்கோ பதில் நாக்கு நுனியில் குதித்தது. கைக்குட்டையை எடுத்துக் கடித்துக்கொண்டார். சிரிப்பு வேறு முட்டியது.

எந்தப் பயிற்சியிலும் கையெழுத்துப் போடுவதோடு சரி என்றிருந்த தையல் டீச்சர் செருமினார்.

"நாம எங்க கேக்க விடறோம்? கேள்வி கேட்டதும் நாமளே பதிலையும் சொல்லிடறோம்."

மடை திறந்துகொண்டது. ஆளாளுக்குத் தன் வகுப்புக் கதையைச் சொன்னார்கள். மணியடித்தும் ஒருவர்கூட எழவில்லை.

"அப்போ சனிக்கிழமை பயிற்சி வேணுமா?" என்றார் தலைமையாசிரியை. வழக்கம்போல் பதிலையும் தானே சொல்லப் போனவர், கைக்குட்டையைக் கடித்தபடி நின்ற ரேடியோவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். காத்திருந்தார்.

மறுபடியும் தையல் டீச்சர்தான்.

"வேண்டாம் மேடம். இதே மாதிரி நாங்களே நடத்திக்கிறோம். ஆனா நீங்க மட்டும் கடைசியில பேசுங்க."

முதலில் சிரித்தவர் தலைமையாசிரியைதான். சனிக்கிழமை தப்பித்தது. ரேடியோ டீச்சர் வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். அதுவரை அடைபட்டுக் கிடந்த பேச்சு, அவர் வீடு போய்ச் சேரும்வரை ஓயவில்லை.