நிற்காமல் மலை ஏறிய கார்

போன வாரம் ஏற்காடு போய்விட்டு வந்தேன்.

ஆபீஸில் எல்லோரும் கேட்கிறார்கள் — ‘ஏரியில் போட் போனீங்களா? குளிர் எப்படி?’ என்று. சிரித்து மழுப்பிவிட்டேன். மேலே இருந்தது அரை மணி நேரம்கூட இல்லை. ஒரு பழைய கார் மலை ஏறுகிறதா என்று பார்க்கப் போனோம். ஏறியது. திரும்பிவிட்டோம்.

இதை ஆபீஸில் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது...

காருக்குச் சொந்தக்காரர் ராஜமாணிக்கம் அண்ணன். சென்னை ஓரத்தில் இருக்கும் நூம்பலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, குவார்ட்டர்ஸிலேயே பாதி ஆயுளைக் கழித்து, ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் இங்கே மனை வாங்கி வீடு கட்டியவர். வீடு சின்னது. பின்னால் இருக்கும் ஷெட்தான் பெரியது. காரணம், அந்தக் கார்.

நாற்பதுகளில் வந்த கறுப்பு இங்கிலீஷ் கார். தவளைக் கண் மாதிரி ஹெட்லைட். உட்கார்ந்தால் ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும் சீட். எண்பதுகளின் ஆரம்பத்தில், குவார்ட்டர்ஸில் எல்லோரும் சைக்கிளில் ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோதே வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு அம்பத்தூர் வரைக்கும் ஒரு சுற்று போய்வருவாராம்.

மனைவி, கஸ்தூரி அண்ணி. சேலத்துக்காரர். பிள்ளைகள் இல்லை. ‘எங்க வீட்ல ஒரே ஒரு பிள்ளைதான். அதுவும் பெட்ரோல் மட்டும்தான் குடிக்கும்’ என்று அண்ணியே சொல்லிச் சிரிப்பார்.

வருஷா வருஷம் மே மாதம் சேலத்தில் இருக்கும் அண்ணியின் தம்பி வீட்டுக்குக் காரிலேயே கிளம்புவார்கள். அங்கிருந்து ஏற்காடு. ஆனால் ஒரு வருஷம்கூட மேலே போய்ச் சேர்ந்ததில்லை. பாதி மலையிலேயே ரேடியேட்டர் கொதித்துவிடும். ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, வந்த வழியே திரும்பிவிடுவார்கள்.

“பஸ்ல போயிருக்கலாமேண்ணே?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“கார் இருக்கும்போது எதுக்கு தம்பி பஸ்ஸு?” என்றார்.

போன வருஷம் அண்ணிக்கு வயிற்று வலி வந்தது. கைவைத்தியம் பார்த்து, பக்கத்து டாக்டரைப் பார்த்து, கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரிசல்ட் வாங்கப் போன அன்றைக்கு அண்ணனோடு நானும் போயிருந்தேன். கட்டி... நாள் கடந்துவிட்டது என்றார் டாக்டர். அண்ணன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில், பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனவர், ஒரு டெம்போவில் இஞ்சினோடு வந்து இறங்கினார்.

எங்கோ அடிபட்டு நொறுங்கிப்போன ஒரு வெளிநாட்டுக் காரின் இஞ்சின். நவீனமானது. ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர். அம்பத்தூர் பக்கம் பாடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாபு, அண்ணனுக்குப் பல வருஷப் பழக்கம். அதைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

“இன்னா அண்ணாத்தே இது? ஆனைய இஸ்துகினு வந்து பூனைக் கூண்டுல அடைக்கச் சொல்றியே! இது இருக்கிற நீட்டுக்கு பானெட்டே மூடாது.”

“மூட வை.”

“ஊருக்குள்ள சுத்தறதுக்கு பழைய இஞ்சினே நல்லாத்தானே கீது?”

“மலை ஏறணும் பாபு. நிக்காம ஏறணும். அவளுக்கு உடம்பு சரியானதும் மேல கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்.”

பாபு என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

வேலை ஆரம்பமானது. செயின் பிளாக்கில் தொங்கியபடி பழைய இஞ்சின் வெளியே வந்தது. புதியதற்கு இடம் போதவில்லை. இஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவே இருந்த தடுப்புத் தகட்டை வெட்டிப் பின்னால் தள்ளினார்கள். ரேடியேட்டரை முன்னால் நகர்த்தினார்கள். வண்டிக்கு வேகம் வந்தால் பிரேக்கும் அதற்கேற்ப வேண்டாமா? அதையும் மாற்றினார்கள். காலையில் ஷெட்டுக்குள் போனால் இருட்டிய பிறகுதான் அண்ணன் வெளியே வருவார்.

தெருவே மெச்சியது. ‘பொண்டாட்டி மேல எவ்வளவு ஆசை பாரு!’ என்று. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் — என் மனைவி வாயைத் திறக்கும்வரை.

“ஆசைதான். யார் இல்லன்னா? ஆனா அவரால வீட்டுக்குள்ள இருக்க முடியலீங்க. அண்ணி முகத்தப் பாக்க பயம். அதான் அங்க போய் பூந்துக்கிறாரு.”

யோசித்துப் பார்த்தேன். நம்மில் பலர் அப்படித்தான், இல்லையா? மருந்து வாங்கிவர ஓடுவோம், டாக்டரிடம் சண்டை போடுவோம், இளநீர் தேடி வெயிலில் அலைவோம். பக்கத்தில் சும்மா உட்காரச் சொன்னால் மட்டும் கால் நிற்காது...

ஒரு நாள் அண்ணியைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். பின்பக்கம் தகடு தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“அவரைக் கொஞ்சம் உள்ள வந்து உக்காரச் சொல்லட்டுமா அண்ணி?”

“வேணாம் தம்பி” என்றார். “அங்க சத்தம் கேக்குற வரைக்கும் அவர் அழலன்னு அர்த்தம். சத்தம் நின்னாதான் எனக்கு பயமா இருக்கு.”

அண்ணிக்கு எல்லாமே தெரிந்திருந்தது. தன் உடம்பைப் பற்றியும், அவரைப் பற்றியும்.

அதற்குப் பிறகு சில நாள் கழித்து, என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு அண்ணி மெதுவாக ஷெட்டுக்கு நடந்து வந்தார். கார் சக்கரமில்லாமல் கட்டைகள் மேல் நின்றுகொண்டிருந்தது. முன்பக்கம் வெறும் பள்ளம். பின் கதவைத் திறந்து சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“இங்க எதுக்கு வந்தே? ஒரே தூசி, ஆயில் நாத்தம்...” என்று பதறினார் அண்ணன்.

“நீங்க உள்ள வர மாட்டேங்கிறீங்க. நான் வந்துட்டேன். உங்க வேலையப் பாருங்க.”

அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. மத்தியானம் ஆனால் அண்ணிக்குக் கார் சீட்டுதான். என் மனைவி ஒரு தலையணை கொண்டுபோய் வைத்தாள். பாபு எங்கிருந்தோ ஒரு டேபிள் ஃபேன் கொண்டுவந்தான்.

“எதுவரைக்கும் வந்திருக்கோம்?” என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்பார் அண்ணி.

“வேலூர் தாண்டியாச்சு” என்பார் அண்ணன், வண்டிக்கு அடியிலிருந்து.

“வாணியம்பாடில நிறுத்தி டீ குடிக்கலாமா?”

“அண்ணி, எனக்கும் ஒண்ணு சொல்லிடுங்க!” என்பான் பாபு.

டீ வரும். குடிப்பார்கள். அண்ணியால் இரண்டு வாய்க்கு மேல் முடியாது. மிச்சத்தை அண்ணன் குடிப்பார். குடித்து முடிக்கும்வரை, கால் அப்பால் நகராமல், காரின் கதவோரமாகவே நிற்பார்.

இஞ்சின் உள்ளே உட்கார்ந்துவிட்டது. பானெட் மூடியது. வயரிங் மட்டும்தான் பாக்கி. கார்த்திகை மாதம், நல்ல மழை. அன்றைக்கு அண்ணி கேட்டபோது, “சேலம் வந்தாச்சு. நாளைக்கு மலைதான்” என்றாராம் அண்ணன்.

மறுநாள் விடியும்போது அண்ணி இல்லை.

ஷெட்டுக்குப் பூட்டு விழுந்தது. அண்ணன் அந்தப் பக்கமே போகவில்லை. எதிரே பார்த்தால் ‘சாப்டியா தம்பி?’ என்று கேட்பார். பதிலுக்குக் காத்திராமல் நடந்துவிடுவார். சில மாதம் கழித்து பாபுதான் வந்து கதவைத் தட்டினான்.

“சாவியக் குடு அண்ணாத்தே. ஒயரு நாலு இஸ்து வுட்டா ஸ்டார்ட் ஆயிடும். இப்டியே வுட்டா துரு புடிச்சிப் பூடும். அண்ணி உக்காந்துகினு இருந்த வண்டி...” அதற்குமேல் அவனாலும் முடியவில்லை. அழுதுவிட்டான்.

அண்ணன் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அப்படித்தான் போன வாரம் கிளம்பினோம், அண்ணனும் நானும். பாபுவுக்கு ஒர்க்‌ஷாப்பை விட்டு வர முடியவில்லை. நான் முன்னால் உட்கார்ந்தேன். பின் சீட்டில் தலையணை அப்படியே இருந்தது.

என்ன ஓட்டம் என்கிறீர்கள்! பழைய கார் என்று எகத்தாளமாகப் பார்த்த பஸ் டிரைவர்களெல்லாம் பின்னால் போனார்கள். அடிவாரத்தில் அண்ணன் கியர் மாற்றினார். கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. இஞ்சின் முனகக்கூட இல்லை. அண்ணன் டெம்பரேச்சர் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். அது அசையவே இல்லை.

மேலே ஏரிக்கரையில் நிறுத்தினார். இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“வண்டி நிக்கவேயில்ல, பாத்தியா தம்பி?”

“ஆமாண்ணே. சூப்பரா ஏறிச்சு.”

“நிக்கவேயில்ல...” என்றார் மறுபடி. இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது.

“அப்பல்லாம் வழியில நின்னுடும். ஆறதுக்கு ரொம்ப நேரம் ஆகும். ரோட்டோரமா பாறை மேல உக்காந்துக்குவோம். வருஷம் பூரா ஷிஃப்டு, ஓவர்டைம், வீடு கட்டுறதுன்னு அவகிட்ட ஒழுங்கா ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அங்கதான் பேசுவோம். குழந்தை இல்லன்னு அவ அழுததும் அங்கதான். நீ இருக்கியே, அது போதும்னு நான் சொன்னதும் அங்கதான்.”

நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மேல போலாம்னு அவ ஒரு தடவைகூட கேட்டதில்ல தம்பி. இப்பதான் ஞாபகம் வருது. எனக்குத்தான் அந்த ஆசை.”

வண்டியைத் திருப்பினார். இறங்கும்போது ஒரு வளைவில் ஓரம் கட்டினார். கீழே இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த பாறையில் உட்கார்ந்தார். நான் காரிலேயே இருந்துவிட்டேன்.

மேலே ஏறிக்கொண்டிருந்த லாரி ஒன்று நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

“என்னங்க, சூடாயிருச்சுங்களா?”

“ஆமா தம்பி.”

“எறக்கத்துலயா?”

“பழைய வண்டி” என்றார் அண்ணன்.

நல்ல மனிதர். இறங்கி வந்து ஒரு கேன் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார். லாரி வளைவில் மறையும்வரை அண்ணன் காத்திருந்தார். பிறகு அந்தத் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டார். கழுவிக்கொண்டே இருந்தார்.

மறுபடி கிளம்ப வெகுநேரம் ஆனது — இஞ்சினில் ஒரு குறையும் இல்லை.