பச்சை வண்டிக்காரருக்கு வயசாகிவிட்டதா

எழுபதுகளின் கடைசி வருஷங்களில் நான் பொன்னேரி மார்க்கெட்டில் இறால் விற்றேன். கோட்டைக்குப்பத்தில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் கொண்டுவருவதைக் கூடையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு பழவேற்காடு பஸ் நிற்கும் இடத்துக்கு நடப்பேன். மீன்கூடைக்காரிகளைக் கண்டால் பஸ்காரர்களுக்கு ஆகாது. நிறுத்துகிற மாதிரி வந்து, எங்களைப் பார்த்ததும் வேகம் எடுத்துவிடுவார்கள். ஏழு மணி பஸ்ஸின் டிரைவர் மட்டும் நிறுத்துவார். "கூடையை முன்னாடி வெச்சிட்டு உக்காருங்கம்மா. நாத்தம் மீனுக்கு, உங்களுக்கா?" என்பார். அதனால் எஞ்சின் பக்கத்து நீள சீட் எங்களுடையதாகிவிட்டது.

அவர் பழவேற்காட்டு முஸ்லிம். நாங்கள் பாய் என்போம். அவருடைய முன்னோர்கள் கப்பலில் சரக்கு அனுப்பியவர்களாம். இவருக்கு லாரிதான் பிடித்தது. பஸ்ஸுக்கு வருமுன் சோழவரம் பக்கம் ஜல்லி லாரி ஓட்டியவர். அங்கே பழைய விமான ஓடுதளத்தில் வருஷா வருஷம் கார் பந்தயம் நடக்கும். ஒருநாள் லாரியை ஓரம் கட்டிவிட்டு வேடிக்கை பார்க்கப் போனவர், ஜல்லிக்காகக் காத்திருந்த மேஸ்திரியை மறந்தே போனார். அன்று பிடித்த பைத்தியம்.

பந்தயம் பொங்கல் கழிந்துதான். ஆனால் எங்கள் பஸ்ஸில் ஐப்பசி மழை விட்டதுமே அது ஆரம்பமாகிவிடும். விடியற்காலை பொன்னேரியிலிருந்து பேப்பர் கட்டு அந்த பஸ்ஸில்தான் வரும். கண்டக்டர் அதில் ஒன்றை எடுத்து வைத்திருந்து, நான் ஏறியதும் என்னிடம் நீட்டுவான். நான் எட்டாவது வரை படித்தவள். எஞ்சின் இரைச்சலுக்கு மேல் சத்தம் போட்டுப் படிப்பேன். பந்தயச் செய்தி பெரும்பாலும் நாலு வரிதான் இருக்கும், மூலையில். இருந்தாலும் அந்த நாலு வரி எங்களுக்குத் திருப்பாலைவனம் வரைக்கும் போதும்.

வாக்குவாதம் எல்லாம் ஒரே ஆளைப் பற்றித்தான். பச்சை வண்டி ஓட்டுகிறவர். பேப்பரில் பேர் வந்தாலும் நாங்கள் பச்சை வண்டிக்காரர் என்றுதான் சொல்வோம். பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டியவர், பலமுறை ஜெயித்தவர், அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிராக மஞ்சள் வண்டியில் ஒரு இளைஞன் வந்திருந்தான். கண்டக்டர் காட்டூர்க்காரன், இருபத்தைந்து வயசு. அவன் மஞ்சள் கட்சி.

"இந்த வருசமும் வரப் போறாரா பெருசு? வூட்ல உக்கார வேண்டிதானே பாய்? போன வருசமே மூணாவது வந்தாரு."

"மூணாவது வந்தா வண்டி ஓட்டத் தெரியலன்னு அர்த்தமா? வளைவுல அவன் திருப்புறதப் பாத்திருக்கியா நீ? வெண்ணெய்ல கத்தி போற மாதிரி."

"கத்தி மழுங்கிடுச்சு பாய்."

"போடா. தங்கச்சி, நீ சொல்லு."

நான் பாய் கட்சி. முந்தின வருஷம் அவர் வற்புறுத்தலால் நானும் என் வீட்டுக்காரரும் பந்தயம் பார்க்கப் போயிருந்தோம். வைக்கோல் கட்டு அடுக்கிய வளைவில் மற்ற வண்டிகள் எல்லாம் கிறீச்சிட்டுத் திணற, பச்சை வண்டி மட்டும் சத்தமில்லாமல் திரும்பிப் போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். எனக்கு அது போதும். இந்தத் தகராறில் மார்க்கெட்டுக்குப் போகிற களைப்பு தெரியாது.

ஆனால் அந்த வருஷம் கண்டக்டரின் பேச்சில் விளையாட்டு குறைந்திருந்தது. "நல்லா இருக்கும்போதே நிறுத்திக்கணும் பாய். எங்கயாவது மோதினப்புறம் நிறுத்தினா அசிங்கம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பாய் முன்போல எகிறவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் டிக்கெட் கொடுத்து முடித்ததும் முன் படியில் வந்து நின்றுகொள்வதையும், "சைக்கிள் வருது", "மாடு, மாடு" என்று சொல்லிக்கொண்டே வருவதையும் நான் கவனித்திருக்கிறேன். அதைப் பற்றி எதுவும் நினைத்ததில்லை.

மார்கழியில் ஒருநாள். காட்டூர்ப் பக்கத்து வயல்களிலிருந்து பனி எழுந்து ரோட்டை மூடியிருந்தது. அன்று கூட்டம். கண்டக்டர் பின்னால் மாட்டிக்கொண்டான். எனக்கு முன்னாலிருந்த கண்ணாடி வழியாக வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று தெரிந்தது. மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பாய்க்கும் தெரியும் என்று நினைத்தேன். பஸ்ஸின் வேகம் குறையவில்லை.

"பாய்! வண்டி!" என்று கத்தினேன்.

அவர் பிரேக்கை மிதித்த மிதியில் என் கூடை கவிழ்ந்து இறால் எல்லாம் எஞ்சின் மேல் கொட்டியது. ஒரு பெண்ணின் நெற்றி கம்பியில் இடித்து வீங்கியது. பஸ் வைக்கோலைத் தொடாமல் ஒரு முழம் தள்ளி நின்றது. மாட்டு வண்டிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கண்டக்டர் ஆட்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடிவந்தான். பாய் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, மெல்லிய குரலில் கேட்டார்: "நீ சொல்லலியேடா."

"பின்னால இருந்தேன் பாய்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எத்தனை மாசமாக அவனுடைய கண்ணால் இவர் பஸ் ஓட்டியிருக்கிறார்! எனக்குக் கோபம் வந்தது. என் பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டில் இருந்தார்கள். அந்த பஸ்ஸில் அறுபது பேர் இருந்தோம். இறாலைப் பொறுக்கிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். திட்டத்தான் பார்த்தேன். அவர் இன்னும் ஸ்டியரிங்கை விடவில்லை. குனிந்து மிச்ச இறாலைப் பொறுக்கினேன்.

கண்டக்டர் அவர் தோள் அருகே நின்றுகொண்டான். நடை வேகத்தில் பொன்னேரி போய்ச் சேர்ந்தோம். பாய் எஞ்சினை அணைத்தார், நெற்றி வீங்கிய பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார், சாவியை எடுத்துக்கொண்டு நேராகப் போய் பஸ் முதலாளியிடம் கொடுத்தார். "எனக்குக் கண்ணு தெரியலைங்க. ரெண்டு கண்ணுலயும் புரை. மறைச்சது என் தப்பு. பையனை ஒண்ணும் சொல்லாதீங்க." இது கண்டக்டர் எனக்குப் பிறகு சொன்னது. சொல்லும்போது அழுதான். "எத்தினி நாளு எப்டி எப்டியோ சுத்தி வளைச்சு சொன்னேன்க்கா. நேரா சொல்ல எனக்கு வாய் வரலை. வேலைக்கு சேந்த அன்னிக்கு எனக்கு பயம் தெளிய வெச்சவரு அவரு."

பச்சை வண்டிக்காரரை அவன் ஏன் அவ்வளவு திட்டினான் என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது.

புது டிரைவர் எங்களுக்காக நிறுத்தவில்லை. கண்டக்டர் விசிலை ஊதி ஊதித்தான் நிறுத்த வைத்தான். பொங்கல் போனது. பேப்பரில் பந்தயத் தேதி வந்தது. பஸ்ஸில் அதை யாரும் படிக்கச் சொல்லவில்லை. நான் அந்தப் பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அன்று சாயங்காலம் நானும் என் வீட்டுக்காரரும் கண்டக்டரும் பாய் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி டீ போட்டுக் கொடுத்தார். "பேசவே மாட்டேன்றாரு. நீங்களாவது பேசுங்க" என்றார்.

நான் பேப்பரைப் பிரித்துப் படித்தேன். யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியல். பச்சை வண்டிக்காரர் பேரும் இருந்தது. கூடவே, "இது அவருடைய கடைசிப் பந்தயமாக இருக்கலாம் என்று பேசப்படுகிறது" என்றும் போட்டிருந்தது. விட்டுவிடலாமா என்று ஒரு நொடி தயங்கினேன். பிறகு அதையும் படித்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு வரியைக் கூட்டியோ குறைத்தோ அவருக்கு நான் படித்ததில்லை.

"கடைசியா?" என்றார் பாய்.

"இருக்கலாம்னு போட்டிருக்கு."

"அப்ப நீங்க போய்ட்டு வாங்க. நான் வந்து என்னத்தப் பாக்கப் போறேன்? பச்சையும் மஞ்சளும் எனக்கு இப்ப ஒண்ணுதான்."

என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். அன்று அவர்தான் சொன்னார். "இவ பேப்பர் படிக்கறாப்ல பந்தயத்தையும் பாத்து சொல்லுவா பாய். வாய்தான் ஓயாதே அவளுக்கு. வாங்க."

பாய் சிரித்துவிட்டார். ஒரு மாசத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார் என்று அவர் மனைவி சொன்னார்.

பொன்னேரியில் பஸ் மாறிச் சோழவரம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஜனம் கொள்ளவில்லை. புழுதியும் எரிந்த ஆயில் வாசனையும். பாய் அந்த வாசனையை இழுத்து இழுத்துப் பிடித்தார். வளைவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, அவரை நடுவில் உட்கார வைத்து, எனக்குத் தெரிந்த மாதிரி சொல்லத் தொடங்கினேன்.

"கொடி போட்டாச்சு. மஞ்சள்தான் முன்னால. சிவப்பு ஒண்ணு. பச்சை நாலாவது."

"திரும்புறானா?"

"திரும்பறாரு. உள்ளாற ஒட்டி வர்றாரு. போயிட்டாரு."

சுற்றுகள் போகப் போக பச்சை பின்தங்கியது. ஐந்தாவது ஆனது. நான் குரலை மாற்றாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். கண்டக்டர் எழுந்து நின்றான். திடீரென்று, "முந்திட்டாரு பாய்! மூணாவது வந்துட்டாரு!" என்று கத்தினான்.

பாய் முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்துத் திரும்பினார். "அப்டியா தங்கச்சி?"

கண்டக்டர் என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்தான். மஞ்சள் கட்சிக்காரன், இத்தனை வருஷம் அந்தப் பச்சை வண்டிக் கிழவரை ஏசியவன். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன?

"இல்ல பாய். அஞ்சாவதாதான் வர்றாரு."

கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டான். பாய் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். வண்டிகள் இன்னொரு முறை எங்களைக் கடந்து போயின.

"அஞ்சாவதா வந்தாலும் திரும்புறது எப்டி இருக்கு?"

"போன வருசம் மாதிரியே. சத்தமே இல்லாம."

"அப்ப சரி" என்றார். பிறகு கையை நீட்டித் துழாவி கண்டக்டரின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "எனக்காக நீ பொய் சொன்னதெல்லாம் போதும்டா. உக்காந்து மஞ்சளுக்கு கை தட்டு. உன் ஆளு ஜெயிக்கப் போறான்."

மஞ்சள் வண்டிதான் ஜெயித்தது. பச்சை ஐந்தாவதாகவே முடித்தது. வண்டியை நிறுத்தி அவர் ஹெல்மெட்டைக் கழற்றியதைச் சொன்னேன்.

"தலை நரைச்சிருக்கா?"

"முழுசா நரைச்சிருக்கு பாய். சிரிச்சுக்கிட்டு யாருக்கோ கை குடுக்கறாரு."

பாய் இரண்டு கையையும் உயர்த்தித் தட்டினார். அவர் தட்டிய திசை கொஞ்சம் தவறி இருந்தது. எங்களைச் சுற்றியிருந்தவர்கள் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து தட்டினார்கள்.

சித்திரையில் கண்டக்டர் லீவு போட்டு அவரை மெட்ராஸுக்கு அழைத்துப் போனான். கண் ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு கண், சில மாதம் கழித்து மற்றது. கூடவே படுத்திருந்து சோறு ஊட்டிவிட்டதும் அவன்தான். பாய் அதற்குப் பிறகு பஸ் ஓட்டவில்லை. டாக்டர் ஓட்டலாம் என்றுதான் சொன்னாராம். இவர் வேண்டாம் என்றுவிட்டார். முதலாளி ஷெட்டில் டயர், ஸ்பேர் பார்ட்ஸ் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்.

கட்டு எல்லாம் பிரித்துத் தடித்த கண்ணாடி போட்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரும் கண்டக்டரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். வாசலில் நின்று என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இன்னா பாய் அப்டி பாக்கறீங்க?" என்றேன்.

"குரலை வெச்சு, இந்த ஒரு வருசத்துல நல்லா குண்டாயிருப்பன்னு நெனச்சிருந்தேன் தங்கச்சி."

எல்லோரும் சிரித்தோம். அன்று மடவை மீன் குழம்பு வைத்திருந்தேன். பழக்கத்தில் கண்டக்டர் அவர் தட்டை இழுத்து முள் எடுக்கப் போனான். பாய் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். ஒரு துண்டைப் பிட்டு, கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்து, முள்ளை உருவித் தட்டு ஓரத்தில் வைத்தார். பிறகு அடுத்ததை எடுத்தார். நிதானமாக, ஒவ்வொன்றாக. நாங்கள் மூன்று பேரும் சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.