இரண்டு ஸ்பூன் வினிகர்

தொழிற்சாலை கேன்டீனில் இருபத்திரண்டு வருடம் கரண்டி பிடித்தவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை. ஏதாவது ஒன்றை முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அதை முடித்துக் காட்டும்வரை சோறு தண்ணி இறங்காது அவருக்கு.

நாலு வருடத்துக்கு முன்னால் அவர் மனைவிக்கு வயிற்றில் புண் என்று தெரிந்தது. டாக்டரின் அறையில் மாஸ்டரும் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

"தக்காளியை அடியோட நிறுத்திடுங்க. புளிப்பு எதுவுமே ஒத்துக்காது" என்றார் டாக்டர்.

தக்காளி என்ற சொல் விழுந்ததுமே மாஸ்டரின் மனசு அடுப்படிக்கு ஓடிவிட்டது. மிச்சத்தை மனைவி மட்டும்தான் கேட்டாள்.

அவளுக்குப் பாஸ்தா என்றால் உயிர். வாரம் முழுக்கத் தபால் கவுன்டரில் கால்கடுக்க நிற்கிறவள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சிவப்பு சாஸ் போட்டு ஒரு தட்டு, கல்யாணமான புதிதிலிருந்தே வழக்கம்.

"போனாப் போகுது விடுங்க. வெண்ணெய் போட்டுச் சாப்பிட்டுக்கறேன்" என்றாள்.

"தக்காளியே இல்லாம தக்காளி சாஸ் பண்ணிக் காட்டறேன் பாரு."

மூன்று ஞாயிறு சமையலறை ரெண்டுபட்டது. முதல் வாரம் பீட்ரூட் கைமீறிப் போய், பாஸ்தா கத்தரிப்பூ நிறத்தில் தட்டுக்கு வந்தது. அடுத்த வாரம் கேரட் மிஞ்சி, பல் முளைக்காத குழந்தைக்கு ஊட்டுகிற கூழாகிவிட்டது. மூன்றாவது வாரம் மஞ்சள் பூசணியையும் கேரட்டையும் ஆவியில் வேகவைத்தார். பீட்ரூட்டில் ஒரே ஒரு துண்டு. வதக்கிய வெங்காயமும் பூண்டும் சேர்த்து அரைத்து, அடிகனமான பாத்திரத்தில் சுண்டவிட்டார். நிறம் அச்சு அசலாக வந்தது. ருசிதான் திகட்டியது. அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்து இரண்டு ஸ்பூன் வினிகர் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்த்தார். தக்காளியேதான். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"நல்லா இருக்குங்க" என்றாள் மனைவி.

மறுநாளே அது கேன்டீனுக்குப் போனது. ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. "பொட்டுத் தக்காளி கிடையாது தெரியுமா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தார்.

அப்படியே நாலு வருடம். ஞாயிறு தவறாமல் அவள் ஒரு தட்டு சாப்பிடுவாள், தட்டைக் கழுவி வைப்பாள், துணி எடுக்க பால்கனிக்குப் போய்விடுவாள். இரண்டாவது முறை கேட்டதே இல்லை. "உனக்குப் பசியே எடுக்கறதில்ல" என்று குறைப்பட்டுக்கொண்டே, வீணாக வேண்டாமென்று அவளுக்குப் பாஸ்தாவைக் கைப்பிடி அளந்து போடப் பழகிக்கொண்டார்.

போன மாதம் சலவை மெஷினில் துணி போடும்போது அவளுடைய வேலைக் கோட்டின் பையில் கைவிட்டார். சில்லறையோ பேனாவோ இருக்கும் என்று நினைத்தார். மாத்திரை அட்டைகள் வந்தன, எல்லாம் காலி.

"என்ன மாத்திரை இது?"

அவள் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். "நெஞ்செரிச்சலுக்கு."

"தக்காளிதான் நம்ம வீட்டுக்குள்ளயே வர்றதில்லையே."

"வினிகரும் புளிப்புதானேங்க. டாக்டர் அதையும் சொன்னாரு. நீங்களும் பக்கத்துலதான் இருந்தீங்க."

மாஸ்டர் காலி அட்டைகளை மெஷின்மேல் வைத்தார். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டார்.

"மூணு வாரம் மாடா உழைச்சீங்க. சொல்றதுக்குள்ள ஊர் பூரா சொல்லிட்டு வந்துட்டீங்க. வாரத்துக்கு ஒரு மாத்திரைதானேன்னு விட்டுட்டேன்."

கோபப்பட்டுச் சொல்லியிருந்தாலாவது தாங்கியிருப்பார். கேன்டீனில் யார் தட்டில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தே மறுநாள் உப்பைக் கூட்டிக் குறைக்கிற ஆள் அவர். வீட்டுத் தட்டு வாராவாரம் காலியாக வந்ததில் ஏமாந்துபோனார். அவள் வயிற்றுக்காகத் தொடங்கிய வேலை, மூன்றாவது ஞாயிறே தன் பெருமைக்காக என்று ஆகிவிட்டதை நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. வெண்ணெய் போதும் என்று அன்றைக்கே சொன்னவள் அவள்.

அடுத்த ஞாயிறு பீட்ரூட்டும் இல்லை, வினிகரும் இல்லை. வெறும் பூசணி, கேரட், பூண்டு, கொஞ்சம் உப்பு. மஞ்சளாக, லேசான இனிப்பாக, எந்தச் சாஸைப் போலவும் இல்லாமல் ஒரு சாஸ். கேன்டீனில் வைத்தால் மாஸ்டர் என்கிற பெயர் அன்றோடு போயிருக்கும்.

அவள் சாப்பிட்டாள். தட்டு காலியானது. எழுந்திருக்கப்போகிறாள் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தபோது தட்டை அவர் பக்கம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கா?"

மாஸ்டர் பாத்திரத்தைப் பார்த்தார். ஒன்றுமில்லை. பழக்கதோஷத்தில் அன்றைக்கும் அவளுக்கு ஒரு கைப்பிடிதான் அளந்து போட்டிருந்தார்.

தன் தட்டை அவள் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்தார். அது கொதிக்கிறவரைக்கும் அவர் திரும்பவே இல்லை.