டேங்கை இடம் மாற்றிய வரதன் அண்ணன்

வரதன் அண்ணன் போய்ட்டார்.

காலையில் அவர் பையன் போன் பண்ணினான். தூக்கத்திலேயே... கோலியனூர் பஸ் ஸ்டாப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தாரே, அவர்தான்.

என் நீலக்கலர் பிக்கப் போட்டோவுக்கு லைக் போடுகிறீர்களே... அதெல்லாம் அவருக்குச் சேர வேண்டியது.

அறுபதுகளில் வந்த வண்டி. பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டுக்குப் பின்னால் இருக்கும். ஆசைப்பட்டு வாங்கிவிட்டேன். கல்யாணமான புதுசில் என் மனைவி கவிதா ஒரே ஒரு தடவை ஏறினாள். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் மூன்று வாந்தி.

"இது வண்டியா, பெட்ரோல் பங்கா? இனிமே ஏறவே மாட்டேன்."

அதற்கப்புறம் திண்டிவனத்திலிருந்து கோலியனூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவள் பஸ்ஸில், நான் பின்னாலேயே பிக்கப்பில். விழுப்புரத்தில் அவள் பஸ் மாறினால் நானும் அந்த பஸ் பின்னால் போவேன். வளைவு வந்தால் ஜன்னலோரம் அவள் வளையல் கை மட்டும் தெரியும்... ஒரு வருஷம் அப்படித்தான் குடும்பம் நடத்தினேன். சிரிக்காதீர்கள்.

பட்டறை வாசலில் நின்று இதைப் பார்த்த வரதன் அண்ணன் ஒருநாள் கை காட்டி நிறுத்தினார்.

"இன்னா சார், வாரா வாரம் பஸ்ஸ தொரத்திக்கினு வர்றீங்க?"

சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "இதுக்கா இவ்ளோ பேஜாரு? டேங்க பின்னால பாடிக்கு அடியில தள்ளிட்டா போச்சு. வண்டிய வுட்டுட்டுப் போங்க."

பெட்ரோல் இருந்த டேங்கில் வெல்டிங் வைப்பது சும்மாவா? சோப்புத் தண்ணீரில் அலசி, வாய் வரை தண்ணீர் நிரப்பி, மூன்று நாள் புங்க மரத்தடியில் வைத்திருந்தார். நான் தினமும் போய் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். டேங்க் வாய்க்குள் துளியூண்டு வானம் தெரியும். அதில் மேகம் போகும்... எவ்வளவு நேரம் பார்த்தேனோ, தெரியாது.

கேபினின் வெளிப்பக்கத்தில் டேங்கின் பழைய பித்தளை மூடி இருந்தது. "இத எடுத்துட்டு ஓட்டைய அடைச்சுடறேன் சார்" என்றார்.

நான்தான் விடவில்லை. "இருக்கட்டும்ணே. அதான் வண்டிக்கே அழகு."

"வாணாம் சார்" என்று ரெண்டு தடவை சொன்னார். நான் கேட்கவில்லை.

முதல் சவாரி. கவிதா நல்ல புடவை கட்டி முன் சீட்டில். திண்டிவனத்தில் ஒரு பங்கில் நிறுத்திவிட்டு போன் பேசப் போனேன். பெட்ரோல் போடுகிறவர் என்ன செய்வார்? கண்ணில் பட்ட பித்தளை மூடியைத் திறந்து ஊற்றிவிட்டார். டேங்கே இல்லாத ஓட்டைக்குள்... மூன்று லிட்டரும் சீட்டிலும் அவள் புடவையிலும். யாரும் பீடி பற்ற வைக்காதது சாமி புண்ணியம்.

அவள் இறங்கினாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் வரதன் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில். நான் போனில் புலம்பியதைக் கேட்டு, பஸ் பிடித்து வந்திருந்தார்.

"என் தப்புதாம்மா. ஓட்டைய அடைக்காம வுட்டுட்டேன். சார் மேல கோச்சுக்காதம்மா."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கே கேபினைக் கழுவி, ஓட்டைக்குத் தகடு அடித்தார். சாயங்காலம் அவரைக் கோலியனூரில் விடக் கிளம்பினோம். கவிதா தயங்கித் தயங்கி ஏறினாள். ஒரே சீட்டில் மூன்று பேர்.

"வெல்டிங் பொகையில நின்னு நின்னு என் மூக்கு செத்துப்போச்சும்மா. நீதான் சொல்லணும். பெட்ரோல் வாடை வருதா?"

"இல்லண்ணே."

"வேற இன்னா வருது?"

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். யாரோ மல்லாட்டை அவிக்கிறாங்க, வேர்க்கடலை வாசம்... இது ஏரித் தண்ணி... எங்கியோ மழை பேஞ்சிருக்கு... அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தார். கோலியனூர் வந்த பிறகும் கொஞ்ச நேரம் யாரும் இறங்கவில்லை.

அதற்கப்புறம் பதினோரு வருஷம். எங்கே பார்த்தாலும் "எனக்குப் பெட்ரோல் அபிஷேகம் பண்ண அண்ணன்" என்று கவிதா அவரைக் கிண்டல் பண்ணுவாள். அவரும் சிரித்துத் தலையாட்டுவார். என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை மனுஷன்.

இன்று காலை அவளிடம் சொல்லிவிட்டேன். மூடியை அப்படியே விடச் சொன்னது நான்தான் என்று.

 "போன வாரம்கூட நாலு பேர் முன்னாடி சொல்லிச் சிரிச்சேனே..." என்று அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

இப்போது வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். என்னோடு இன்னும் பேசவில்லை.

மன்னிச்சுக்கோங்க அண்ணே... ரெண்டு பேரும் வர்றோம்.