கழுவி வைத்த பதினாறு கற்கள்

போன ஞாயிறு மத்தியானம், கனடாவில், ஸ்ரௌவ்வில் என்ற ஊரிலுள்ள எங்கள் வீட்டில், உண்ட களையில் சோபாவில் சரிந்து கிடந்தேன். தொலைக்காட்சியில் எதையோ தேடிக்கொண்டு போன மகள் ஒரு கேர்லிங் போட்டியில் வந்து நின்றாள். பனித்தரையில் கல் ஒன்று வழுக்கிக்கொண்டு போக, அதன் முன்னால் இரண்டு பேர் துடைப்பத்தால் தேய்த்தபடி ஓடினார்கள். திடீரென்று அவர்களில் ஒருவர் நிமிர்ந்து கையை உயர்த்தினார்.

“அப்பா, ஏன் அவர் கையைத் தூக்கிறார்?”

“பேர்ன்ட்,” என்றேன். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லி இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நானும் குகனும் ஸ்காபரோவில் ஒரு கேர்லிங் கிளப்பின் குசினியில் கோப்பை கழுவினோம். இருவருக்கும் டோர்செட் பார்க்கில் ஒரே அறை, ஒரே குளிர் ஜாக்கெட் கடை, ஒரே பஸ். ஈரக் கம்பளமும் பழைய பியரும் பொரித்த உருளைக்கிழங்கும் கலந்த அந்தக் கிளப்பின் மணம் எங்கள் தலைமயிரிலேயே குடியிருந்தது. முதல் நாள் கண்ணாடிக்குள்ளால் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, இந்த நாட்டில் தும்புத்தடி பிடித்துக் கூட்டவும் போட்டி வைக்கிறார்கள் என்று நான் நம்பிவிட்டேன். ஊருக்கு அப்படியே கடிதமும் எழுதினேன்.

ஆட்டம் விளங்க முதலே சொற்கள் எங்களோடு அறைக்கு வந்துவிட்டன. கடைசிக் கல்லை விடும் உரிமைக்கு ஹாமர் என்று பெயர். எங்கள் அறையில், என்ன சமைப்பது என்று முடிவெடுப்பவனிடம் ஹாமர். “இண்டைக்கு ஹாமர் ஆரிட்டையடா?” என்று கேட்டபடிதான் குகன் சப்பாத்தைக் கழற்றுவான். நல்ல இடத்தில் கிடக்கும் கல்லை மறைத்து முன்னால் நிறுத்தும் கல் கார்ட். எனக்குப் பிடிக்காத ஆள் தொலைபேசியில் வந்தால், நான் வீட்டில் இல்லை என்று சொல்லும் குகனும் கார்ட். தேய்ப்பவர்களை விரட்டும் “ஹர்ரி ஹார்ட்” பஸ்ஸுக்கு ஓடும்போது உதவியது. தெருவில் போன கிழவர் ஒருவர் அதைக் கேட்டு எங்களுக்குக் கைதட்டியிருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது பேர்ன்ட். ஓடுகிற கல்லில் துடைப்பம் பட்டுவிட்டால் கல் பேர்ன்ட். பட்டது வேறு ஒருவருக்கும் தெரியாமல் இருக்கலாம். தொட்டவனே கையை உயர்த்திச் சொல்லவேண்டும், அதுதான் வழக்கம். சட்டியில் கடைசி மீன் துண்டு காணாமல் போனால் குகன் கையை உயர்த்துவான். “பேர்ன்ட் மச்சான், நான்தான்.” அத்தோடு என் கோபம் போய்விடும்.

அந்த நாட்களில் அப்பா கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் தனியாக இருந்தார். அவரைக் கனடாவுக்குக் கூப்பிட எனக்கு முழுநேர வேலைக் கடிதம் ஒன்று தேவை. ஐஸுக்குப் பொறுப்பாக இருந்த டக், திங்கட்கிழமையிலிருந்து என்னை முழுநேரமாகத் தன்னோடு எடுப்பதாகவும் கடிதம் தருவதாகவும் சொல்லியிருந்தான். சனிக்கிழமை பின்னேரம் பெரிய போட்டி.

அன்று காலை குகன்தான் தொடங்கினான். “உந்தக் கல்லெல்லாம் ஊத்தையாக் கிடக்கு மச்சான். சுடுதண்ணியில கழுவி வைப்பம். டக் சந்தோஷப்படுவான்.”

ஒரு பாதைக்குரிய பதினாறு கற்கள். ஒவ்வொன்றும் இருபது கிலோ வரும். கோப்பை வண்டியில் ஏற்றிக் குசினிக்குக் கொண்டுவந்து, சவர்க்காரம் போட்டு, கோயில் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தோம். துடைத்து, பனியில் இரண்டு வரிசையாக அடுக்கி, தள்ளி நின்று பார்த்துப் பெருமைப்பட்டோம். சூடான கல் பனியை உருக்கிக்கொண்டு இறங்கும், பிறகு அப்படியே உறைந்துபோகும் என்பது வெயிலில் வளர்ந்த எங்கள் மண்டைகளுக்கு எட்டவில்லை. ஒரு மணித்தியாலத்தில் பதினாறும் விரற்கடை ஆழத்துக்குப் புதைந்து, அசைக்க முடியாமல் நின்றன.

யார் செய்தது என்று டக் கேட்டான். நான் கையை உயர்த்தினேன். குகனும் உயர்த்துவான் என்று திரும்பிப் பார்த்தேன். அவன் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து தான் குசினியை விட்டு வெளியே வரவில்லை, தனக்கு ஒன்றும் தெரியாது என்றான். டக்கிடம் ஒரு வசனம் பேச மூன்று தரம் தடக்குகிறவன், அன்று ஓரிடத்திலும் தடக்கவில்லை. நான் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள், எனக்கு வாய் வரவில்லை. என் ஏப்ரனை டக் வாங்கிக்கொண்டான், அத்தோடு என் வேலை போனது.

பின்னேரம் அறைக்கு வந்தவனிடம் கேட்டேன். “ஏன்ரா அப்பிடிச் சொன்னனி?”

“ரெண்டு பேரும் போறதிலும் பாக்க ஒருத்தனாவது நிக்கட்டுமெண்டு யோசிச்சன்.”

“அந்த ஒருத்தன் நீயெண்டு ஆர் சொன்னது?”

அவன் அரிசியைக் கழுவத் தொடங்கினான். திங்கட்கிழமை என்னுடைய ஐஸ் வேலைக்குப் போனான். டக் அவனுக்குக் கொடுத்த கடிதத்தை வைத்து அடுத்த வருடம் அவனுடைய அம்மா வந்து இறங்கினார். எனக்கு முழுநேர வேலை கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. அப்பாவைக் கூப்பிடப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த கிழமையில் லொட்ஜ்காரர் அழைத்தார். “அப்பா காலமை எழும்பேல்லைத் தம்பி.”

எல்லாவற்றையும் குகன் தலையில் போடுவது நியாயமில்லை என்பாள் என் மனைவி. எனக்கு நியாயம் வேண்டாம். அன்றைக்கு அவன் கையும் என் கைக்குப் பக்கத்தில் உயர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போன வருடம் அஜின்கோர்ட்டில் ஒரு கலியாணத்தில் குகனைக் கண்டேன். என் தோளில் கையைப் போட்டான். “எங்கட கிளப்பை இடிச்சுப்போட்டாங்கள் மச்சான், கொண்டோ மாடி வருகுது. ஹாமர் ஆரிட்டை எண்டு கேப்பமே, ஞாபகமிருக்கே?”

“ஓம்.”

கார்ட், ஹர்ரி ஹார்ட் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நான் காத்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டுச் சாப்பாட்டு வரிசைக்குப் போனான்.

கிளப் இல்லை. அந்த அறையில் இப்போது வேறு யாரோ. அந்தச் சொற்களை எங்களைப் போலப் பேச உலகத்தில் இரண்டு பேர்தான் இருந்தோம், அதுவும் முடிந்தது.

மகளுக்குப் பேர்ன்ட் என்றால் என்ன என்று விளக்கினேன். அவள் நெற்றியைச் சுருக்கினாள். “ஒருத்தரும் பாக்கேல்லையே அப்பா. தென் வை? பிறகு ஏன் சொல்லவேணும்?”

“நான் ஒருக்காக் கையைத் தூக்கிச் சொன்னனான் பிள்ளை,” என்றேன்.

அவள் அதற்குள் அடுத்த சானலுக்குப் போய்விட்டாள்.