காய்ச்சல் இல்லாதவர்களின் ரொட்டி

சென்ற சனிக்கிழமை மாலை, செங்கம் சாலையில் ஒரு சிறிய கடையில் அமர்ந்து வியட்நாம் சாண்ட்விச் உண்டேன். இட்லியே கதி என்றிருந்த இவர் எப்போது இதற்கு மாறினார் என்று நீங்கள் வியப்பது புரிகிறது. சற்றுப் பொறுங்கள்.

ஒரு சாண் நீள ரொட்டி. மேலே முறுகல், உள்ளே பஞ்சு. அதை நெடுக்காகப் பிளந்து, புளிப்புக் காடியில் ஊறிய முள்ளங்கி, கேரட், வறுத்த பனீர், கை நிறையக் கொத்தமல்லி, கீறிய பச்சை மிளகாய்... நான் கடித்த ஓசையில் அடுத்த மேசையிலிருந்த வெளிநாட்டவர் திரும்பிப் பார்த்தார்.

கடையை நடத்துபவர் கலையரசி. இங்கே பக்கத்து அடி அண்ணாமலையில் பிறந்து புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டவர்; வியட்நாமிலிருந்து வந்து குடியேறிய மாமியாரிடம் இக்கைப்பக்குவத்தைக் கற்றவர். உணவைப் பாராட்டினேன். அவர் முகம் மலரவில்லை.

“வெளிநாட்டுக்காரங்க சாப்பிடறாங்க சார். நம்ம ஊரு ஆளுங்கதான் எட்டிப் பாத்துட்டு, ‘ரொட்டியா? வீட்ல யாருக்கும் ஒடம்பு ஒண்ணுமில்லியே’னு போய்டறாங்க. இந்த மாசம் பாப்பேன். இல்லனா கடைய மூடிட்டு புதுச்சேரிக்கே போவ வேண்டியதுதான்.”

மறுக்க இயலுமா? நம் இல்லங்களில் ரொட்டி என்பது உணவன்று. மருத்துவத்தின் ஒரு பிரிவு. காய்ச்சல் கண்டவர் பாலில் தோய்த்து உண்பது. மருத்துவமனைக்குச் செல்வோர் சாத்துக்குடியோடு வாங்கிச் செல்வது. நலமாக இருப்பவர் நாவின் ஆசைக்காக ரொட்டி வாங்கினார் என்று எவரேனும் கேள்விப்பட்டதுண்டா?

என்னால் இயன்றது – இன்னும் நான்கு வாங்கிக்கொண்டேன். துணிப்பையிலிருந்து நான்கு ரொட்டி நுனிகளும் வெளியே தலைநீட்ட, வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தேன். எதிரே பக்கத்து வீட்டுத் தணிகாசலம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பணிபுரிபவர். பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெல்லத் தலையசைத்துவிட்டு அகன்றார். நோயை நடுத்தெருவில் விசாரிப்பது முறையன்று அல்லவா?

அரைமணி நேரத்தில் அழைப்புமணி ஒலித்தது. தணிகாசலமும் அவர் மனைவியும் நின்றனர். கையில் சாத்துக்குடி, ஒரு பாக்கெட் ரொட்டி. பின்னால் மேலும் இரண்டு குடும்பங்கள். என் துணைவியாரோ முக்காலி மேல் நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நீங்க மொதல்ல கீழ எறங்குங்கம்மா” என்றார் தணிகாசலத்தின் மனைவி.

“ஏன், எனக்கென்ன? நல்லாத்தானே இருக்கேன்.”

“ஒடம்புக்கு முடியாதவங்க எல்லாரும் அப்படித்தாங்க சொல்லுவாங்க.”

உண்மையை விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. வந்தவர்கள் பழங்களை எங்கே வைப்பது என்று அறியாமல் நின்றனர். துணைவியார் நான்கு சாண்ட்விச்சுகளையும் துண்டுகளாக்கித் தட்டில் அடுக்கி நீட்டினார். எனக்குக் கலையரசியின் முகம் நினைவுக்கு வந்தது. இந்தத் தட்டு மிச்சத்தோடு திரும்பினால் நம் ஊரில் அவருக்கு வேறு நம்பிக்கை ஏது?

தணிகாசலம் ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத பால்ல தொட்டுக்கணுமா சார்?”

“வேண்டாம். அப்படியே கடியுங்கள்.”

கடித்தார். மொறுமொறுவென்ற ஓசை. எல்லோரும் அவர் வாயையே பார்த்தனர்.

“மொளகா கொஞ்சம் கம்மி” என்றவர், இரண்டாம் துண்டை எடுத்தார். “இத போய் காய்ச்சக்காரங்களுக்குக் குடுக்கறதா சார்? எங்களுக்குத்தான் குடுக்கணும்.” தட்டு காலியாயிற்று. எனக்கென மனத்துக்குள் ஒதுக்கிய துண்டும் அத்தட்டில்தான் இருந்தது.

வியாழக்கிழமை மாலை அக்கடைக்குச் சென்றேன். அமர இடமில்லை. ஒரு மேசையில் தணிகாசலம், தம் அலுவலக நண்பர் நால்வருடன்.

“இன்னா சார் பண்ணீங்க?” என்றார் கலையரசி. “எல்லாரும் மொளகா ஜாஸ்தி போடு, ஜாஸ்தி போடுன்றாங்க.”

“புதுச்சேரிப் பயணம்?”

“அதுக்கு எங்க சார் நேரம்? ரொட்டி வாட்டறதுக்கு இன்னொரு அடுப்பு சொல்லியிருக்கேன்.”

தணிகாசலம் வீட்டுக்கும் பார்சல் வாங்கினார். அதைச் செய்தித்தாளில் இருமுறை சுற்றி, அலுவலகப் பையின் அடியில் வைத்து, மேலே கோப்புகளை அடுக்கினார். எதற்கு இவ்வளவு பாதுகாப்பு என்று வினவினேன்.

“தெருவுல யாராவது பாத்துட்டா, நலம் விசாரிக்க வந்துடுவாங்க சார். நாலுதான் வாங்கியிருக்கேன்.”